என் இடத்துக்கு வருகிறவள்

அன்புள்ள அம்மாவுக்கு,

அனுசியா வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா? நான் நலம். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். பயப்படும்படி ஒன்றுமில்லை.

நம் முத்தையாபுரத்தில் எங்கள் மருந்துக் கம்பெனியின் புது ஆலை அடுத்த மாதம் திறக்கிறது. அங்கே உள்ளூர்ப் பெண்களுக்கே வேலை என்று சொல்லித்தான் எங்களை ஆறு மாதப் பயிற்சிக்கு ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடம் ஆகிவிட்டது. புது ஆலைக்குப் போகிறவர்களின் பட்டியல் நேற்று வந்தது. அதில் என் பெயர் இல்லை. நான் வேலை கற்றுக்கொடுத்த தெலுங்குப் பெண் சிராவணியின் பெயர் இருக்கிறது.

அதிகாரி செந்தூர்வேல் நம் பக்கத்து ஆள்தானே என்று அவரிடமே போய்க் கேட்டேன்.

"உங்கள அங்கன போட்டா கோயில் கொடைக்கும் சடங்குக்கும் லீவு கேப்பீங்க தாயி. வெளியூர்ப் பிள்ளைன்னா வேல முடிஞ்சதும் ஹாஸ்டல்லயே கெடக்கும்" என்றார்.

"இங்கன நானும் வெளியூர்ப் பிள்ளதான சார்?" என்றேன். "அதனாலதான் உன்ன விட மனசில்ல" என்று சிரித்தார்.

சிராவணி மேல் குற்றமில்லை. தமிழ் தெரியாமல் தனியாக வருகிறாள். நம் வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மீன்குழம்பு வைத்துக் கொடுங்கள். எனக்கு அந்தப் பச்சைப் போர்வையைப் பார்சலில் அனுப்புங்கள், இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

ஷிஃப்டு வண்டி ஹாரன் அடிக்கிறது. அவள் ஒருநாள் தங்கினாலும் என் கட்டிலில் மட்டும் படுக்க வைக்காதீர்கள்.

உங்கள் மகள்,
அனுசியா