நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி

இன்று காலை சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் ஒரு மனிதர், சாரத்து மடிப்புக்குள், சிறுநீர் வடியும் சலப் பையை ஒளித்துப் பிடித்தபடி இருந்தார். தாதி அவர் பெயரைக் கூப்பிட்டு, "சலம் ஒழுங்காப் போகுதா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு வந்த கோபத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

கடல் நம் வீட்டைக் கொண்டுபோன பிறகு பள்ளிக்கூட முகாமில் இருந்தோமே, அப்போதே தொடங்கிவிட்டது. அடிக்கடி கக்கூஸ் வரிசையில் போய் நின்றீர்கள். பயத்தினால் என்று நினைத்தேன். நாவற்குடாவில் வாடகை வீட்டுக்கு வந்தபின், நீங்கள் ஓட்டிய களுவாஞ்சிக்குடி பஸ்ஸை நடுவழியில் நிறுத்திவிட்டுச் சலம் கழிக்க இறங்கினீர்கள். சனம் முணுமுணுத்தது. முதுகு நோவுக்கு டிரைவர் சீற்றைக் குறை சொன்னீர்கள். கொழும்பில் சோதித்தபோது, புரொஸ்டேட் புற்றுநோய் முள்ளந்தண்டு வரை போயிருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி என்றார்கள். அது என்ன செய்யும் என்று உங்களுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை.

உடம்பு கொதிக்குது என்று ஈரத் துவாயோடு என் பக்கத்திலிருந்து முன் அறைக்குப் படுக்கையை மாற்றினீர்கள். கிணற்றடியிலும் சட்டையைக் கழற்றவில்லை. நான் கிட்ட வந்தால் எழும்பிப் போனீர்கள். ஒரு மத்தியானம் சோறு போடும்போது கேட்டே விட்டேன்.

"என்னப் புடிக்கல்லண்டாச் சொல்லுங்க, நான் தங்கச்சி வீட்ட போறன்."

நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள். சாப்பிடவில்லை.

கொழும்பு டொக்டருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்து நோயாளியின் மகள்தான் நடுவில் நின்று தமிழில் சொன்னாள். இருபது வயது இருக்கும்.

"வேற ஏதும் கரைச்சல் இருக்காண்டு கேக்கிறார், ஐயா."

என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பிள்ளையைப் பார்த்தீர்கள். "ஒண்டும் இல்ல, புள்ள" என்றீர்கள். எத்தனை ஆமி செக்பொயின்ற்றில் இறங்கி ஏறிப் போனோம், கேட்க வேண்டியதைக் கேட்காமல் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வரவா?

கடைசியில் கேட்டது நம்மூர் ஆஸ்பத்திரியில் சலக் குழாய் மாற்ற வந்த ஆண் தாதி. கதவைச் சாத்திவிட்டு உங்களோடு பத்து நிமிஷம் கதைத்தான். பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டான்.

"அக்கா, அது ஆம்பிளச் சத்து ஊறாம அடக்கிற ஊசி. உடம்பு கொதிக்கிறதும் நெஞ்சு வீங்கிறதும் ஆச இல்லாமப் போறதும் அதாலதான். அண்ணனுக்கு உங்களில வெறுப்பில்ல."

நீங்கள் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தீர்கள். ஓட்டோவில் வரும்போது சொன்னீர்கள்: "உனக்கு என்னண்டு சொல்ற, புள்ள? எனக்கே விளங்கல்ல."

அன்றைக்கே உங்கள் கட்டிலை இழுத்து என் கட்டிலோடு ஒட்டிப் போட்டேன். மறுநாள் கிணற்றடியில் சட்டையைக் கழற்றினீர்கள். நான் முதுகு தேய்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நமக்குக் கிடைத்தது நாலு மாதம். அதற்குள் நாட்டுச் சண்டையும் முடிந்தது. இனிக் கொழும்புக்கு லேசாகப் போய்வரலாம் என்றார்கள் உங்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும். உங்களால் பஸ்ஸில் இருக்கவே முடியாமல் போயிருந்தது. நோவு மருந்துகூட ஒரு கிழமை இருந்தால் மறு கிழமை இல்லை.

புற்று வருத்தம் உங்களைக் கொண்டுபோனதை எப்படியோ ஆறிக்கொண்டேன். ஆனால் மூன்று வருஷம், என்னை வெறுக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே உங்களுக்குச் சோறு போட்டேன். அதற்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை.