பாதியில் நின்றிருந்த நாடகம்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை. திருவாடானை.

தம்பி குமரன் சாலை விபத்தில் போய் எட்டு மாதம் ஆகிறது. அவன் அறையில் வைத்த சர்வர் கணினி மட்டும் இன்னும் ஓடுகிறது. பலருடைய கணினிகளிலிருந்து இறக்கி, இறக்கியதை மற்றவர்களுக்கும் அனுப்பும் டாரண்டில் அவன் இறக்கப் போட்டிருந்த வள்ளி திருமணம் நாடகப் பதிவு பாதியிலேயே நின்றிருந்தது. எங்களுக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனம் டாரண்டைத் தடுத்துவிட்டது.

இன்று சாயங்காலம், தடையைச் சுற்றிப் போக உதவும் வி.பி.என்.னைச் சர்வருக்குள் கன்டெய்னர் எனும் தனி மென்பொருள் பெட்டியில் ஏற்றினேன். டாரண்ட் இருக்கும் கன்டெய்னர் அதன் வழியாக மட்டுமே வெளியே போகும்படி மாற்றினேன். சோதனைக்கு வி.பி.என்.னை நிறுத்தியதும் டாரண்டும் நின்றது. மறுபடி ஓடவிட்டதும் மளமளவென்று இறங்கி முடிந்தது.

சந்தோஷத்தில் அய்யாவைக் கூப்பிட்டேன். வயலிலிருந்து வந்தவர் அறை வாசலிலேயே நின்றார்.

"குமரன் போட்ட நாடகம் வந்துருச்சுய்யா. பாக்குறீகளா?"

"நான்தான் அவங்கிட்டக் கேட்டேன். வந்து சேந்து பாப்போம்யான்னு சொல்லிட்டுத்தான் அன்னைக்கு வண்டிய எடுத்தான்."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "அது முடியாமலே கெடந்துருக்கலாம் தாயி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரவு சாப்பிடவில்லை.

இனி அதை அழிக்கவும் மனம் வராது, போட்டுப் பார்க்கவும் முடியாது. அடுத்த அறையில் சர்வரின் காற்றாடி சுற்றுகிறது. முன்பின் தெரியாத யாருக்கோ அந்த நாடகம் இங்கிருந்து போய்க்கொண்டிருக்கிறது.