ஆடாத ஸ்டாண்டு ஒன்று வேண்டும்

பிப்ரவரி 24, செவ்வாய்

கீபோர்டு வைக்கும் கத்தரி ஸ்டாண்டின் இடது கால் மறுபடியும் வழுக்குகிறது. ரப்பர் மூடி எங்கோ விழுந்துவிட்டது. பழைய துணியைச் சுற்றி நூலால் கட்டியிருக்கிறேன். புண்ணுக்குக் கட்டுப் போட்ட மாதிரி, பார்க்கவே அருவருப்பு. கீழ்த்தட்டில் எண்பத்தெட்டு கீ உள்ள பெரிய கீபோர்டு, இருபத்திரண்டு கிலோ. மேலே பழையது, பதினாலு கிலோ. குறுக்கும் நெடுக்குமாக நிற்கும் இரண்டு குழாய்கள் எத்தனை நாள்தான் தாங்கும்?

இவர், என் வீட்டுக்காரர், குனிந்து பார்த்தார். பல் செட்டு செய்கிற கூடத்தில் வேலை என்பதால், எதைப் பார்த்தாலும் அழுத்தம் எங்கே விழுகிறது என்றுதான் பார்ப்பார். "இது தாங்காதும்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி முடியட்டும், வாங்கலாம் என்றேன்.

மார்ச் 2, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

நேற்று ஒரு கம்பெனியின் ஆண்டு விழாவில் எங்கள் மெல்லிசைக் குழு. நாலாவது பாட்டு, இரண்டாவது இடையிசை. புல்லாங்குழல் சத்தத்தில் நான் மேல் கீபோர்டில் வாசிக்கிற இடம். ஸ்டாண்டு மெதுவாக, வெட்கப்படுகிற மாதிரி, இடப்பக்கம் சாய்ந்தது. பெரியதை முழங்காலால் தடுத்துவிட்டேன். மேலே இருந்தது வழுக்கிக்கொண்டு போய்ப் பாடகியின் காலில் விழுந்தது. இரண்டு விரல் எலும்பு முறிவு. அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாவம்.

அது ஒரு பக்கம். விழுந்த வேகத்தில் என் இயர்போன் ஒயரும் பிடுங்கிக்கொண்டு போனது. எப்போதும் அதில் என் வாசிப்பு மட்டும்தான் எனக்குக் கேட்கும். இப்போது முதல்முறையாக அரங்கத்தில் கேட்கிற பாட்டைக் கேட்டேன்.

புல்லாங்குழல் வந்துகொண்டிருந்தது.

கீபோர்டு தரையில் கிடக்கிறது. என் இரண்டு கையும் காற்றில். புல்லாங்குழல் ஒரு சுரம் பிசகாமல் போய்க்கொண்டே இருக்கிறது. அதில் மூன்றாவது வரியில் ஒரு சின்ன வளைவு. அது என் வளைவு. வேறு யாரும் அப்படி வாசிக்க மாட்டார்கள்.

சீ.

மார்ச் 3, செவ்வாய்

ஒலிப்பெட்டிப் பலகையில் உட்காரும் அண்ணனுக்குப் போன் செய்தேன். எல்லோருடைய சத்தத்தையும் ஏற்றி இறக்குகிறவர் அவர்தான்.

"எப்போலேருந்து அண்ணே?"

"என்னை மாட்டி விட்டுடாதம்மா."

"எப்போலேருந்து?"

"எட்டு மாசம் இருக்கும். தலைவர்தான் உன் ரெண்டு கீபோர்டையும் மூடிடச் சொன்னாரு. முன்னாடியே பதிவு பண்ணின டிராக் ஓடும். நீ வாசிக்கிறது வெளிய போகாது."

எட்டு மாதம்! வாரம் இரண்டு மேடை. முப்பத்தாறு கிலோவைத் தூக்கிக்கொண்டு படியேறி, ஒயர் மாட்டி, விரல் வலிக்க வாசித்து, யார் காதிலும் விழாமல்... த்தூ!

டிராக்கை வாசித்ததும் நான்தான். போன வருடம் குழுத் தலைவர் தன் வீட்டுப் பின்னறையில் மூன்று நாள் உட்கார வைத்து எல்லாப் பாட்டையும் பதிவு செய்துகொண்டார். "புதுசா வர்றவங்க உங்களைக் கேட்டுப் பழகணும்மா" என்று வாய் நிறையச் சொன்னார். நான் உச்சி குளிர்ந்துபோய் இன்னொரு தடவை வாசிக்கட்டுமா என்று நானாகவே கேட்டேன். நினைத்தால் குமட்டுகிறது. அவரை மட்டும் நினைத்தல்ல.

மார்ச் 5, வியாழன்

தலைவர் வீட்டுக்கே வந்தார். குழுவில் அவருக்குப் பெயர் 'பவுடர்'. மேடை ஏறும்முன் கழுத்துவரை பூசிக்கொள்வார். இன்றும் காலர் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாய்.

நான் கேட்டேன். மறுக்கவே இல்லை. அதுதான் இன்னும் கேவலம்.

"டிராக்குன்னா கவலையில்லம்மா. உங்களுக்கும் டென்ஷன் இல்ல, எனக்கும் டென்ஷன் இல்ல. எல்லாரும் இப்ப அப்படித்தான் பண்றாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா உங்க முகத்துல அந்த உணர்ச்சி வருமா?"

எட்டு மாதமாக என் முகத்தைத்தான் வாடகைக்கு எடுத்திருக்கிறார்.

கிளம்பும்போது யோசனை வேறு. "லேசா ஒரு ஸ்டாண்டு வாங்குங்க. பெரிய கீபோர்டு இனிமே வேணாம். கீழ்த்தட்டுல அட்டைப்பெட்டி வெச்சு கறுப்புத் துணி போட்டுட்டா, முன்னால உக்காந்திருக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. கையை மட்டும் அழகா ஆட்டுங்க."

அவர் உட்கார்ந்த நாற்காலியை ஈரத்துணியால் துடைத்தேன். இரண்டு தடவை.

மார்ச் 6, வெள்ளி

பாடகியைப் போய்ப் பார்த்தேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்திருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். ஸ்டாண்டு ஆடுவது தெரிந்தே தள்ளிப்போட்டேன் என்பதையும் சொன்னேன். "விடுங்கக்கா, நானா விழுந்திருந்தாலும் உடைஞ்சிருக்கும்" என்றாள். பவுடர் போன் செய்தாராம். கால் எப்படி என்று கேட்கவில்லை. பதினைந்தாம் தேதி நாற்காலியில் உட்கார்ந்து பாட முடியுமா என்று கேட்டாராம்.

மார்ச் 7, சனி

கடைக்குப் போனோம். போகிற வழியெல்லாம் எனக்குள் ஒரே கேள்வி: கேட்காத வாசிப்புக்கு எதற்கு ஸ்டாண்டு? இவரிடம் சொன்னேன். "வாசிக்கப் போறியா இல்லையா, அதை மட்டும் சொல்லு. மத்ததை நட்டு போல்ட்டு பாத்துக்கும்" என்றார்.

கடைக்காரர் முழுக்க முழுக்க இவர் முகத்தைப் பார்த்தே பேசினார். "சாருக்கு என்ன பட்ஜெட்? சார் வீட்லயா, மேடையிலயா?"

"சாருக்கு விசில் அடிக்கக்கூட வராதுங்க. அவங்களைக் கேளுங்க" என்றார் இவர்.

முதலில் இரட்டைக் குழாய்க் கத்தரி. தொடாமலே தாண்டிப் போனேன். அடுத்து ஒற்றைத் தூண், இரண்டு பக்கமும் கை நீட்டி அழகாக நின்றது. மேல் கையின் நுனியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன், தலையை ஆட்டியது. "லேசா ஆடத்தான் செய்யும் மேடம்." ஏன் ஆட வேண்டும்? எல்லோருக்கும் லேசாக ஆடினால் பரவாயில்லை, லேசாக ஏமாற்றினால் பரவாயில்லை!

மூலையில் தூசி படிந்து ஒன்று. மேசை மாதிரி நாலு கால், சதுரக் குழாய், பின்னால் குறுக்குச் சட்டம். மேல்தட்டுக்குத் தனியாக இரண்டு கைகள். இவர் கைகள் சேரும் இடத்தை நகத்தால் தட்டிப் பார்த்தார். "மேல எத்தனை கிலோ தாங்கும்னு போட்டிருக்கு?" இருபது. "உன்னோடது பதினாலு. ஆனா நீ சும்மா வைக்கப் போறதில்ல, மேல குத்தப் போற. அந்த ஆறு கிலோ உன் குத்துக்கு."

நாலு மூலையிலும் என் முழு எடையையும் போட்டு அழுத்தினேன். அசையவில்லை. "இது ரொம்ப கனம் மேடம், லேடீஸ் தூக்க முடியாது" என்றார் கடைக்காரர். நானே தூக்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தேன். பாதி வழியில் மூச்சு வாங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மேல் கைகளின் உயரத்தைச் சரிசெய்யவே காலை முழுதும் ஆனது. முழங்கால் இடிக்கவில்லை.

மார்ச் 11, புதன்

ஒன்றை மட்டும் எழுதாமல் தவிர்த்துக்கொண்டே வந்தேன். எட்டு மாதத்தில் நான் எத்தனை தப்பு வாசித்திருப்பேன்? யாரும் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அது எனக்கு உறைக்கவில்லையா? உறைத்தது. கை தேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 16, திங்கள்

நேற்றைய மேடைக்கு ஸ்டாண்டு, இரண்டு கீபோர்டு, கூடவே வீட்டில் பயிற்சிக்கு வைத்திருக்கும் ஸ்பீக்கர், எல்லாம் கொண்டுபோனேன். ஸ்பீக்கரைக் காலருகே, கூட்டத்தைப் பார்த்து வைத்தேன். இயர்போன் மாட்டவில்லை.

முதல் பாட்டில் டிராக்கும் நானும் சேர்ந்தே வாசித்தோம். ஒரே வாசலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நுழைகிற மாதிரி இடித்துக்கொண்டது. பவுடர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டு, "அதை அணைங்க" என்றார். நான் தலையை ஆட்டி மறுத்தேன்.

இரண்டாவது பாட்டில் ஏதோ குறைந்தது. நிமிர்ந்து பார்த்தால், பலகையில் அண்ணன் டிராக்கை இறக்கி, என் கீபோர்டை ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அரங்கம் முழுக்க நான் மட்டும்.

உடனே ஒரு தப்பு. வயலின் வரவேண்டிய இடத்தில் பதற்றத்தில் வேறு பட்டனை அழுத்திவிட்டேன். பாங்கென்று டிரம்பெட்! முன்வரிசையில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாடகி கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். தபேலாக்காரர் இத்தனை வருடத்தில் முதல்முறையாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். இரண்டு தாள அடி தள்ளி வயலினைப் பிடித்துவிட்டேன். பாட்டு முடியும்வரை கை நடுங்கியது. ஸ்டாண்டு நடுங்கவில்லை.

வண்டி நிறுத்தும் இடத்தில் பவுடர் கத்தினார். "டிராக்குல இப்படி ஒரு தப்பு வருமா?"

"வராது" என்றேன்.

"அப்புறம்?"

வியர்வையில் பவுடர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. பார்க்கப் பிடிக்காமல் ஸ்டாண்டைக் கழற்ற ஆரம்பித்தேன்.

மார்ச் 18, புதன்

குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டதாகப் போனில் பவுடரின் செய்தி. கீழே கைகூப்பும் பொம்மை வேறு.

ஏப்ரல் 6, திங்கள்

பாடகி போன் செய்தாள். கால் தேறிவிட்டது. "அக்கா, என்னையும் மூணு நாள் வந்து எல்லாப் பாட்டையும் பாடிப் பதிவு பண்ணிக் கொடுக்கச் சொல்றாரு. புதுசா வர்றவங்க பழகறதுக்காம்."

"நீ என்ன சொன்ன?"

"தொண்டை சரியில்லன்னு சொல்லியிருக்கேன். எத்தனை நாள் சொல்ல முடியும்?"

ஏப்ரல் 19, ஞாயிறு

காலை பத்து மணிக்கு வீட்டு முன்னறையில் ஒத்திகை. பாடகி, தபேலாக்காரர், நான். அவர்கள் இருவரும் பவுடர் குழுவை விட்டு வந்துவிட்டார்கள். இவர் சோபாவை ஓரமாகத் தள்ளிக் கொடுத்துவிட்டு வாசலில் செய்தித்தாளோடு உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதம் ஒரு கோயில் விழா, மேடையில் நாங்கள் மூன்றே பேர். பயமாகத்தான் இருக்கிறது.

பல்லவி முடிந்ததும் பாடகி கையைத் தூக்கினாள். "அக்கா, இன்னைக்கு நிஜமாவே தொண்டை கட்டியிருக்கு. அரைக் கட்டை இறக்கி வாசிக்கிறீங்களா?"

இறக்கி வாசித்தேன்.