முன்வரிசைக்கு ஒரு ஆள்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்தே காற்று. பந்தை உயரே உதைத்தால் நினைத்த இடம் ஒன்று, விழுகிற இடம் ஒன்று. கண்ணெல்லாம் மண்.

பயிற்சிக்கு வந்தது பதினொரு பேர். களத்தில் பத்து, வெளியே நான்கு, மொத்தம் பதினான்கு வேண்டும். போட்டி 20ஆம் தேதி.

ரக்பி கிளப் என்று சொல்லிக்கொண்டிருந்தது படுத்து இரண்டு வருடம் ஆயிற்று. சிலர் கல்யாணம், சிலர் துபாய், ஒருவன் ஜிம் வைத்துவிட்டான். இப்போது மறுபடி எழுப்புகிறேன். முப்பத்தேழு வயதில் எனக்கு எதற்கு இது? முட்டி போனதால் நான் ஆடவும் முடியாது.

பையன்கள் பரவாயில்லை. ஓடுகிறார்கள். அடி விழுந்தால் எழுந்திருக்கிறார்கள். ஆனால் பதறுகிறார்கள். நிதானத்துக்குப் பழைய ஆட்கள் வேண்டும். ஒருவர் கிடைத்துவிட்டார், பிகாஷ். ஒடிசாக்காரர், 34 வயது. மாநில அணிக்கு ஆடியவர், மூன்று வருடமாக எங்கள் பனியன் கம்பெனியிலேயே துணி செக்கிங்கில் இருக்கிறார், யாருக்கும் தெரியாது. துணிக் கட்டு ஒன்றைப் பக்கவாட்டில் ஒரு ஆளுக்கு வீசினார் பாருங்கள், அந்த வீச்சைப் பார்த்துத்தான் கேட்டேன்.

முன்வரிசைக்குத்தான் ஆள் இல்லை. ஸ்க்ரமில் இரு அணியும் தோள் பூட்டி நெட்டித் தள்ளும்போது முதலில் நிற்கிற ஆள். அங்கே கல் மாதிரி ஒருவர் நின்றால் போதும்.

தங்கராசு மச்சான். சுகந்தியின் அண்ணன். என்னோடு ஆறு வருடம் ஆடியவர், விட்டுப் பத்து வருடம் ஆகிறது; அந்தப் பழக்கத்தில்தான் எனக்குப் பெண்ணே கொடுத்தார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது சுகந்தியிடம் சொன்னேன். அண்ணனுக்கு முப்பத்தொன்பது ஆகிறது, கூப்பிட்டால் மறுக்கத் தெரியாது, அதனால் கூப்பிடாதீர்கள் என்றாள்.

ஜூலை 8, செவ்வாய்

சாய நிறம் பார்க்க பையருக்கு அனுப்பிய லேப் டிப் மூன்றாவது தடவையும் ரிஜெக்ட். பச்சை போதவில்லையாம். எனக்கு எல்லாப் பச்சையும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

மதியம் சாம்பிள் எடுக்கிற சாக்கில் பல்லடம். மச்சானின் விசைத்தறி ஷெட். உள்ளே பேச்சே கேட்காது. அவர் தறி ஓரம் குனிந்து நூல் முடிந்துகொண்டிருந்தார். வெளியே வந்தோம். விஷயத்தைச் சொன்னேன். கையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டார்.

"எத்தன மணிக்கு வரோணும்ங்க மாப்ள?"

அவ்வளவுதான். மல்லிகா அக்கா, அவர் மனைவி, மோர் கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரைத் திரும்ப வாங்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார்.

சுகந்தியிடம் மச்சானே போன் செய்து சொல்லிவிட்டார். அவள் என்னோடு பேசிய மொத்தச் சொற்கள் இன்று: நான்கு. அதில் இரண்டு "சாப்பாடு இருக்குது".

ஜூலை 10, வியாழன்

ஐந்தரைக்குப் பயிற்சி, ஷிஃப்டுக்கு முன்னால். மைதானம் என்பது வீரபாண்டியில் முதலாளியின் காலி இடம். ஒரு ஓரம் சீமைக்கருவேலம், ஒரு ஓரம் பக்கத்துச் சாயப்பட்டறையின் சுவர். இந்த வருடம் ஏதாவது ஜெயித்துக் காட்டினால் இடத்தை விட்டுவைப்பார், இல்லையென்றால் துணி குடோன் கட்டுவார். போன மாதம் இது என்ன விளையாட்டு என்று கேட்டார். கபடிதானுங்க, பந்தோட, என்றேன். திருப்தியாகிவிட்டார்.

மச்சான் பழைய பூட்ஸோடு வந்தார். அடிப்பாகம் பிய்ந்து தறி நூலால் கட்டியிருந்தார். முதல் ஸ்க்ரம். எதிரே ஐந்து பையன்கள். அவர் நகரவில்லை. இரண்டாவது தள்ளில் ஐந்து பேரும் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். எழுந்து சிரிக்கிறார்கள். பிகாஷ் கைதட்டினார்.

ரூபனை அவர் பக்கத்தில் நிறுத்தினேன். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், இங்கேயே வளர்ந்தவன், இருபது வயது, அயர்னிங்கில் வேலை. தோள் இருக்கிறது, கழுத்து இருக்கிறது, அவசரமும் இருக்கிறது.

வீட்டுக்கு வரும்போது சும்மா விசிலடித்தேன். வெகு நாளாயிற்று.

வாங்க வேண்டியது: டேப், ஐஸ் பெட்டி, குளுக்கோஸ், ஜெர்சி நம்பர் ஸ்டிக்கர். ஜெர்சித் துணி மிச்ச லாட்டில் கிடைத்துவிட்டது. இரண்டு நீலமாக வந்திருக்கிறது. யார் பார்க்கப் போகிறார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

கோயமுத்தூர் கல்லூரி அணியோடு பயிற்சி ஆட்டம். ஜெயித்தோம்.

இதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். இரண்டாம் பாதி. அவர்கள் பக்கத்து உயரமான பையன் பந்தோடு வந்தான். மச்சான் தாழ்வாக இறங்கிப் பிடித்தார். தலை தவறான பக்கம் போய்விட்டது. அவன் இடுப்பு எலும்பில் அவர் நெற்றிப்பொட்டு. சத்தம் எனக்கே கேட்டது. மச்சான் முகம் கீழாகக் கிடந்தார், நான்கைந்து விநாடி இருக்கும். கை நீட்டியபடி, அசைவில்லாமல்.

பிறகு எழுந்தார். நான் ஓடிப்போய் "பரவால்லீங்களா மச்சான்?" என்றேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கண் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தது. நான் பார்த்தேன் அதை. நாலு புள்ளி முன்னால் இருந்தோம். ஆறு நிமிடம் பாக்கி. வெளியே வந்துவிட்டேன். ஆட விட்டேன்.

காரில் வரும்போது யார் ஜெயித்தது என்று கேட்டார். வேடிக்கை பண்ணுகிறார் என்று எல்லாரும் சிரித்தோம். பிகாஷ் சிரிக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

பட்டன் வரவில்லை. பட்டன்காரர் போனும் எடுக்கவில்லை.

மச்சானுக்கு மூன்று முறை அழைத்தேன். தலை பாரமாக இருக்கிறதாம், தறிச் சத்தம் கடிக்கிறதாம். சளி பிடித்திருக்கும் என்றார். எனக்கு அந்தச் சொல் அவ்வளவு பிடித்திருந்தது. சளிதான், சளிதான் என்று நானும் சொன்னேன். சுகந்திகிட்டச் சொல்லிப் பயமுறுத்தாதீங்க என்றார். சரி என்றேன்.

ஜூலை 16, புதன்

பயிற்சி. மச்சான் வந்தார். எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்காமல் எதிரணிப் பையன்களோடு போய் நின்றார். பையன்கள் அதையும் ஜோக் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

முடிந்ததும் பிகாஷ் என்னைக் கருவேலத்துப் பக்கம் கூட்டிப்போனார்.

"அண்ணா, அவருக்குத் தலைல அடி. விளையாட வேண்டாம்."

அவர் ஊரில் அணித் தோழன் ஒருவனுக்கு இப்படித்தான் ஆனதாம். ஒரு வாரத்தில் மறுபடி ஆடினானாம், அதே இடத்தில் இன்னொரு அடி. அப்புறம் என்ன ஆனான் என்று கேட்டேன்.

"உயிரோட இருக்கான் அண்ணா. அம்மாதான் சோறு ஊட்டுது."

சாயங்காலம் டவுனுக்குள் ராயபுரம். என் முட்டி பார்க்கிற பிசியோவிடம், யாரோ ஒரு ஆளுக்கு என்று சொல்லிக் கேட்டேன். நினைவு தப்பினால் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும், குறைந்தது மூன்று வாரம் மைதானத்துப் பக்கமே விடக்கூடாது என்றார். யார் அந்த ஆள் என்று கேட்டார். தெரிந்தவர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆக, தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி இருக்க இனி வழியில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. காற்று இன்னும் கூடிவிட்டது. மாடியில் காயப்போட்ட துணி பக்கத்து வீட்டில்.

பெயர்ப் பட்டியல் மூன்று எழுதினேன். ஒன்றில் மச்சான் ஆரம்பத்திலேயே. ஒன்றில் வெளியே, தேவைப்பட்டால் மட்டும். ஒன்றில் இல்லவே இல்லை. மூன்றாவதைக் கிழித்தேன். பிறகு மறுபடி எழுதினேன்.

முதலாளி கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு வருகிறாராம். "அந்தப் பெரிய ஆளு ஆடறாருங்கல்ல செந்திலு? எல்லாத்துகிட்டயும் சொல்லி வெச்சிருக்கறனுங்க." ஆமாங்க என்றேன். வாய் தானாகச் சொல்கிறது.

ஜூலை 18, வெள்ளி

மல்லிகா அக்கா போன் செய்தார். கம்பெனியில் இருந்தேன், படிக்கட்டுக்கு வந்து பேசினேன்.

"தம்பி, அவரு நேத்து நூலு வாங்கீட்டு ஊட்டுக்கு வர்ற வழி தப்பி, பல்லடந் தாண்டி காரணம்பேட்ட வரைக்கும் போயிட்டாருங்க. இருவது வருசமா வர்ற வழிங்க. கேட்டா சிரிக்கறாரு. உங்ககிட்ட எதாச்சும் சொன்னாருங்களா?"

வேலை டென்ஷனாக இருக்கும் அக்கா என்றேன்.

பின்னால் தறிச் சத்தம். சரீங்க தம்பி என்று வைத்தார்.

படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். இஸ்திரிப் பெட்டியோடு ஏறிய ஒருவன் வழி கேட்டு நின்றான். நகரத் தோன்றவில்லை.

ஜூலை 19, சனி

சுகந்தியிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அடி, கண், கார், கருவேலத்தடி, பிசியோ, காரணம்பேட்டை, அக்காவிடம் சொன்ன பொய் உட்பட எல்லாம். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்ங்க?"

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்றேன்.

அண்ணனிடம் நீ சொல்கிறாயா என்று கேட்டேன். தான் சொன்னால் தங்கச்சி பயந்துகொள்கிறாள் என்று சிரித்துவிட்டு அங்கே வந்து நிற்பார், கூப்பிட்ட வாயே சொல்ல வேண்டும் என்றாள். உடனே அழைத்தேன். எடுக்கவில்லை. சத்தத்தில் கேட்டிருக்காது. மறுபடி அழைக்காமல் விட்டதற்கு அது காரணம் அல்ல.

ஜூலை 20, ஞாயிறு

எட்டு மணிக்குக் கல்லூரி மைதானம். மேகமூட்டம். ஆறு அணிகள். மச்சான் எனக்கு முன்னாலேயே வந்து ஜெர்சி போட்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் வந்தாராம். அக்காவிடம் கோயிலுக்கு என்று சொல்லியிருக்கிறார்.

தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். இன்று நீங்கள் ஆடக்கூடாது, நேராக ஆஸ்பத்திரி போகிறோம்.

அவர் முகம் மாறியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"என்னயக் கூப்புட்டது நீங்கதானுங்க மாப்ள."

"ஆமாங்க மச்சான்."

"பத்து வருசமா அந்தச் சத்தத்துக்குள்ளயே கெடந்தனுங்க. நீங்க வந்து கூப்புட்டீங்க. இப்பப் போகச் சொல்றீங்க. ஒரே ஒரு ஆட்டமுங்க."

"போன வாரம் நீங்க விழுந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுதுங்க. ஜெயிக்கோணும்னு ஆட விட்டேன். தப்பு எம்மேலதானுங்க. இன்னொருக்கா அதப் பண்ண மாட்டேன்."

கை முஷ்டி ஆனது. அடிப்பார் என்று நின்றேன். அடிக்கவில்லை. ஜெர்சியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பனியனோடு போய் மரத்தடியில் உட்கார்ந்தார். சுகந்தி, மல்லிகா அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்தாள். மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போகும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

முன்வரிசைக்கு யார் என்று பையன்கள் முழித்தார்கள். "நான் நிக்கேன்ணே" என்றான் ரூபன். வேறு பேச்சில்லை.

முதல் ஆட்டம் தோல்வி. ரூபனை ஒவ்வொரு ஸ்க்ரமிலும் பின்னால் தள்ளினார்கள். மூக்கில் ரத்தம். இரண்டாவது ஆட்டத்தில் பிகாஷ் பந்தை வெளியே வேகமாக எடுத்து ஓட வைத்தார், ஸ்க்ரமே வராமல் பார்த்துக்கொண்டார். ஜெயித்தோம். அரையிறுதியில் தோற்றோம், மூன்று புள்ளியில். நல்ல ஆட்டம். நான் பாதியைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி பாதியில் கிளம்பிவிட்டார். பெரிய ஆள் எங்கே என்று கேட்டார், சொன்னேன். இடத்தைப் பற்றி அப்புறம் பார்ப்போம் என்றார்.

மூன்று மணிக்கு சுகந்தியிடமிருந்து செய்தி: ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. ஒரு மாதம் ஓய்வு. சத்தம் கூடாது, வண்டி கூடாது. இனி இந்த ஆட்டமே கூடாது.

கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூலை 22, செவ்வாய்

பச்சை அப்ரூவ் ஆகிவிட்டது. பட்டனும் வந்தது.

மைதானத்தில் அளவெடுக்க ஆள் வந்திருந்தார்கள். குடோன்தான். ஆவணி வரை பயிற்சி செய்துகொள்ளலாமாம். பிகாஷ், ரயில்வே லைன் பக்கம் ஓர் இடம் பார்த்திருக்கிறாராம், கல் பொறுக்க வேண்டும் என்றார். பொறுக்குவோம்.

மச்சான் என் போனை எடுப்பதில்லை. சுகந்தி தினமும் பல்லடம் போய் வருகிறாள். எனக்குச் சாப்பாடு வைக்கிறாள், பேச்சு சிக்கனம்.

ஜூலை 27, ஞாயிறு

பயிற்சிக்குப் பதினைந்து பேர். இரண்டு பேர் புதுசு, ரூபன் கூட்டிவந்தவர்கள்.

அங்கிருந்து நேராகப் பல்லடம். போகாமல் இனி இருக்க முடியாது. தறி ஷெட்டில் சத்தம் இல்லை, இன்று ஓட்டவில்லை. மச்சான் வேப்ப மரத்து நிழலில் கயிற்றுக் கட்டிலில். வாங்க என்றார். எதிரே உட்கார்ந்தேன். கோழித் தீவன லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"நீங்க போகச் சொன்னதுக்கு எனக்குக் கோவமில்லீங்க" என்றார். "அன்னிக்கு இருந்துது. இப்ப இல்லீங்க."

சரீங்க என்றேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. அந்த வாரமே புகையாட்டம் கெடக்குது. உங்களுக்குத் தெரிஞ்சுதல்லங்க. ஏனுங்க மாப்ள ஏழு நாளு ஆச்சு?"

வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். முதலாளி, மைதானம், பையன்கள். அதையெல்லாம் விட்டேன்.

"அந்த ஆட்டம் வேணும்னு இருந்துதுங்க மச்சான்."

அவர் நிமிர்ந்தார். கண் இப்போது சரியாக என்னைத்தான் பார்த்தது.

"எனக்கும் அதானுங்க" என்றார்.

மல்லிகா அக்கா வந்து, சாப்பிட்டுவிட்டுப் போங்க தம்பி என்றார். இருந்து சாப்பிட்டேன்.