ஒரே வாடகைக்கு இரண்டு வரி

ஜூலை 6

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் நலம். போன கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. கோபமில்லை, கொஞ்சம் வருத்தம்தான்.

இன்று அப்பாவோடு வருமான வரி அலுவலகத்துக்குப் போனேன். தாள்களில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துச் சொல்ல அவருக்கு நான் வேண்டும். உங்கள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் தாத்தா எழுதிவைத்த நம் வீட்டில், கீழே இருக்கும் தையல் கடையின் வாடகை பற்றி விளக்கம் கேட்டிருந்தார்கள். பஸ்ஸில் அப்பா வாயே திறக்கவில்லை. மூன்று வருடமாக உங்களோடு பேசாமல் இருக்கிறவருக்கு அது கஷ்டமா என்ன?

அதிகாரி, அப்பாவின் கோப்பையும் உங்கள் கோப்பையும் அருகருகே விரித்தார். வாடகையில் ஆளுக்குப் பாதி. அவரவர் பாதிக்கு அவரவர் வரி கட்டினால் போதுமாம். ஆனால் முழு வாடகையும் தன் வருமானம் என்று அப்பா கட்டியிருக்கிறார். நீங்களும் அப்படியே கட்டியிருக்கிறீர்கள்!

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இது என் வருமானமே இல்லைன்னு சண்டை போடுறவங்களைத்தான் இந்த நாற்காலியில உக்காந்து பாத்திருக்கேன். முழுசும் என்னுதுன்னு ரெண்டு பேரும் வரி கட்டுறதை இன்னிக்குத்தான் பாக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. இனி ஆளுக்குப் பாதி என்று இருவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். ஏன் கட்டினீர்கள் அத்தை?

உங்கள்,
புத்தகப்புழு

ஜூலை 14

அன்புச் செல்லத்துக்கு,

ஆஸ்பத்திரி வார்டில் உட்கார நேரமில்லை, அதனால்தான் எழுதவில்லை.

உன் அப்பனுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கார் கடிதம் என்றால் பயம். எதையாவது விட்டுவிட்டு நோட்டீஸ் வந்தால் சாப்பிடக்கூட மாட்டான். முழுவதையும் நானே கட்டிவிட்டால் அவனை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று நினைத்தேன். அவன் ஏன் கட்டினானாம்? கேட்டு எழுது. நான் கேட்டதாகச் சொல்லாதே.

பாதிப் பாதி என்று எழுதித் தர வேண்டிய தாளை அனுப்பு. கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்க்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், நான் உட்கார்ந்து படித்த அறையின் ஜன்னலை இடித்துத் தையல் கடைக்கு வாசல் வைத்தான். அந்த வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்றேன். சொன்னது சொன்னதுதான்.

அத்தை

ஜூலை 21

அன்புள்ள அத்தைக்கு,

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். நீங்கள் நேரில் வந்தே ஆக வேண்டும் என்று எழுத ஆசையாக இருந்தது. ஆனால் அதிகாரியிடம் விசாரித்துவிட்டேன், தபாலே போதுமாம்.

நீங்கள் சொன்னபடி, நீங்கள் கேட்டதாகச் சொல்லாமல்தான் கேட்டேன். "அக்கா கேக்கச் சொன்னாளா?" என்றார். நான் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. வயரிங் வேலை முடிந்து மிச்சமான ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "நாள் பூரா நோயாளிங்களோட நின்னுட்டு வர்றவ, வரி ஆபீஸ்லயும் வரிசையில நிக்கணுமா? ஜன்னலைத்தான் எடுத்துட்டேன். வரியையாவது நான் கட்டுறேன்."

நான் படித்த கதைகளில் கூடப்பிறந்தவர்கள் வீட்டுக்காக அடித்துக்கொள்வார்கள். நீங்கள் இரண்டு பேரும் வரிக்குப் போட்டி போட்டிருக்கிறீர்கள். வகுப்பில் எல்லோரிடமும் சொல்ல வேண்டும்போல இருக்கிறது.

இன்னொரு செய்தி. ஞாயிற்றுக்கிழமை அப்பா மாடி அறையின் கிழக்குச் சுவரைத் தானே உடைத்து ஜன்னலுக்கு இடம் பண்ணினார். யாருக்கு என்றால், "காத்து வரட்டுமே" என்கிறார். அந்த அறையில் இப்போது யாரும் இல்லை. வாடகை கொடுக்க வந்த தையல்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இடது பக்கம் தொங்குது சார், பிரிச்சுத் தைக்கணும்" என்றார். அப்பா காதில் வாங்கவேயில்லை.

உங்கள்,
புத்தகப்புழு

ஜூலை 29

செல்லத்துக்கு,

தாள் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். தபாலில் போடவில்லை, வழியில் தொலைந்தால் யார் பதில் சொல்வது? சனிக்கிழமை காலை ரயிலில் நானே கொண்டு வருகிறேன்.

அதற்குள் ஜன்னல் சட்டத்தை வைத்துப் பூசிவிட வேண்டாம் என்று உன் அப்பனிடம் சொல். தையல்காரர் கண்ணுக்குக் கோணல் என்றால் கோணல்தான். நான் வந்து பார்த்த பிறகு வைக்கட்டும்.

இந்த முறை நான் சொன்னதாகவே சொல்.

அத்தை