அண்ணன் இல்லை என்று சாட்சி சொன்னவன்

என் உடன்பிறந்த சாமிக்கு,

அண்ணே என்று கூப்பிடக்கூடாது, தெரியும். இந்த ஒரு கடிதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரோடு ஊரில் உங்கள் மடத்துக்கு ஒரு குறையும் இல்லை, நீங்கள் சமாதியான மறு மாதமே கேஸில் மாட்டிக்கொண்டதைத் தவிர. சீடர்கள் பார்க்க உங்கள் காவியை மூத்த சீடர் வேலப்ப சாமிக்குப் போர்த்தி, "இனி இவன்தான்" என்று சொல்லிவிட்டுத்தானே போனீர்கள்? மடத்து வழக்கமும் அதுதானே. ஆனால் ஊர் தமிழ்நாட்டோடா மலையாளத்தோடா என்று எல்லைப் போராட்டம் சூடாக இருக்கிறது. வேலப்ப சாமி தேவாரத்தைத் தமிழில் பாடுவார், அடுப்பு புகைந்தால் மலையாளத்தில் திட்டுவார். எங்கள் தமிழ்க் கமிட்டிக்காரர்களுக்கு அந்தத் திட்டு மட்டும்தான் காதில் விழுந்தது.

கமிட்டிச் செல்லப்பன் வீட்டுக்கே வந்துவிட்டான். "அண்ணனுக்க இடம் தம்பிக்காக்கும். நீரு போயி இரியும். இல்லேன்னா மடம் மலையாளத்துக்காரன் கையில போவும்."

தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று தொண்டை கட்டக் கத்தியவன்தான் நானும். அதற்காகப் பிள்ளைகுட்டிக்காரன் மடாதிபதி ஆவதா? அடுக்களையிலிருந்து என் வீட்டுக்காரி பொன்னம்மை சொன்னாள்: "உமக்குக் காவி சேராது. மடத்துத் தென்னந்தோப்பு சேரும்."

நான் மாட்டேன் என்றேன். செல்லப்பன் மடத்துச் சீடர்களில் இரண்டு பேரைப் பிடித்து, தம்பிதான் வாரிசு என்று நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் கேஸ் போட்டான். வேலப்ப சாமியின் வக்கீல் என்னைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்.

"சமாதியான மடாதிபதி உமக்கு ஆரு?"

"ஆரும் இல்ல."

எதிர் வக்கீல் எழுந்துவிட்டார். "கூடப்பொறந்த அண்ணன் இல்லையா ஓய்?"

"அண்ணன் ஒருத்தரு உண்டாயிருந்தாரு. சந்நியாசம் வாங்கினப்ப தனக்குத்தானே பிண்டம் வச்சாரு. அன்னைக்கே செத்தாச்சு. எங்க அம்மை பதினாறாம் நாள் சோறும் போட்டா. செத்தவரே பிச்சைக்கு வந்து அந்தப் பாயசத்தைக் குடிச்சிட்டுப் போனாராக்கும்."

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சந்நியாசிக்குப் பிறந்த வீட்டு வாரிசு கிடையாது, குரு சொன்னவரே மடாதிபதி என்று தீர்ப்பு. செல்லப்பன் என்னைக் கண்டால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகிறான். வேலப்ப சாமி இப்போது இரண்டு மொழியிலும் தாராளமாகத் திட்டுகிறார்.

ஆடி அமாவாசைக்குப் பூவாறு கடற்கரையில் செத்தவர்களுக்குப் பிண்டம் வைத்துப் பலியிடப் போனேன். அப்பாவுக்கும் அம்மைக்கும் சோற்று உருண்டை வைத்துவிட்டு உங்கள் பெயரைச் சொன்னேன். பலியிடுவிக்கிறவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமியாருக்குப் பலி கிடையாது ஓய். உம்ம வாயாலதானே கோர்ட்டுல சொன்னீரு?"

இரண்டு தடவை செத்தவருக்கு ஒரு தடவைகூட நான் சோறு வைக்க முடியாதாம். அங்கேயே உட்கார்ந்து அழுதேன், அண்ணே. ஜெயித்த கேஸுக்கு யாராவது அழுவார்களா?

வருஷாவருஷம் குருபூஜைக்கு வருவேன். ஊரோடு பந்தியில் இருந்து சாப்பிடுவேன். நீ யார் என்று கேட்டால், வழிப்போக்கன் என்பேன்.

கோர்ட்டில் மட்டும் இல்லாத உங்கள் தம்பி,
தங்கப்பன்