நாற்பத்து மூவர் ஒன்பதாயிரவரான கணக்கு

மலைவளமும் மழைவளமும் குன்றாத குறும்பொறை நாட்டின் அரசி, நறுவீயார் திருமுன்: தங்கள் சுனைகள் நிறைக, தங்கள் குடிகள் நோயின்றி வாழ்க. நெடுங்கரை நாட்டு அமைச்சன் நல்லிறையன் எம் கோன் ஆணைப்படி எழுதும் ஓலை.

குறும்பொறையார் ஒன்பதாயிரவர் எம் நாட்டில் புகுந்துவிட்டதாகவும், வரும் பௌர்ணமிக்குள் அவர்களைத் திரும்ப அழைக்காவிடில் வெளியேற்றுவோம் என்றும் சென்ற திங்கள் ஓலை விடுத்தோம். தங்கள் நாட்டில் கைக்குழந்தைகள் உட்பட ஆறாயிரவரே உள்ளனர் என்று தாங்கள் பொறுமையோடு மறுமொழி அனுப்பினீர்கள். பிறகு நேரில் கண்டுவருமாறு கோன் என்னை எல்லைக்கு அனுப்பினார்.

அங்கே நான் கண்டவர்கள் நாற்பத்து மூவர். எம் பேரேரியின் மதகுக்குக் கல் பிளந்து பொருத்த வந்த தங்கள் கற்றச்சர்கள். எம்மவர் உழவு அறிந்தவர், கல்வேலை அறியாதவர். அடைமழைக்கு முன் மதகு முடியாவிட்டால் கரை உடைந்து பன்னிரண்டு ஊர் வயல்களும் நீரில் போகும். குதிரைத் திருடர் தொல்லை மிகுந்திருந்த காலத்தில், அயலார் இரவில் எல்லைக்குள் தங்கலாகாது என்று ஒரு விதி செய்தோம். திருடர் ஒழிந்த பின்னும் விதி ஒழியவில்லை. ஆகவே இவர்கள் மாலைதோறும் எல்லை ஓடையைக் கடந்து அக்கரையில் உறங்கி, காலைதோறும் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். வாசல் எழுத்தர் கண்டன் ஏறன் ஒவ்வொரு காலையும் நாற்பத்து மூவரைப் புதிதாக வந்தவர்களாகவே எழுதியிருக்கிறார். ஏழு மாதங்களில் அது ஒன்பதாயிரத்து முப்பது ஆயிற்று.

நான் நின்ற காலையில், கற்றச்சர் தலைவி கொன்றியிடம் எழுத்தர் பெயர் கேட்டார்.

"நேத்து சொன்ன பேருதான்" என்றாள் அவள்.

"நேத்து நேத்தோட போச்சு. இன்னிக்குப் பேரைச் சொல்லு தாயி."

"கொன்றி. நாளைக்கும் கொன்றிதான், இப்பவே எழுதிக்குங்க."

போனவர்களை ஏன் எழுதவில்லை என்று நான் எழுத்தரிடம் வினவ, அவர் சற்றும் கலங்காமல், "வர்றவங்களை எழுதச் சொல்லித்தான் ஓலை வந்துச்சு ஐயா. போறவங்களை யாரும் கேக்கலியே" என்றார். அவரிடம் குற்றமில்லை. அந்த ஓலையில் உள்ள முத்திரை என்னுடையது.

இனிமேல் வெளியேறுவோரையும் எழுதலாம் என்று உடன்வந்த அவையோர் ஒருவர் யோசனை சொன்னார். அதற்குக் கொன்றி, "அப்போ சாயங்காலமும் வரிசையா? மதகை உங்க எழுத்தரே கட்டட்டும்" என்றாள். வரிசையே சிரித்தது, எழுத்தரும் சிரித்தார். வாசலில் நிற்பதில் நாளுக்கு மூன்று நாழிகை வீணாகிறது என்றும், அந்நேரமும் கிடைத்தால் மழைக்கு முன் முடித்துத் தருவதாகவும் அவள் சொன்னாள். அவள் கணக்கைச் சரிபார்த்தேன். பிழையில்லை.

அவையில் இதை நான் உரைத்தபோது, வெளியேற்றும் ஆணையை வலியுறுத்தியவர்களே முதலில் மனம் மாறினர். ஆகவே கோன் கட்டளை இது: முந்தைய ஓலை செல்லாது. இரவு விதி இன்றோடு நீங்கியது. வேலைக்கு வரும் அயலார் ஒவ்வொருவருக்கும் முத்திரையிட்ட சுட்ட மண்வில்லை ஒன்று தரப்படும். வேலை முடியும்வரை அது செல்லும். ஏரிக்கரையில் குடில் அமைத்துக் குடும்பத்தோடு தங்கலாம். ஒரு வேலைத்தலைவர் கொடுமை செய்தால் வில்லையை இழக்காமல் வேறொருவரிடம் சேரலாம். இக்கடைசி வரி கொன்றி கேட்டது. அவையில் அதற்கே நீண்ட வாதம் நடந்தது, ஆனால் அந்த வரி நிலைத்தது.

ஒன்பதாயிரவரைத் திரும்ப அழைக்கச் சொன்ன நாங்கள், இப்போது மேலும் இருபதின்மரை அனுப்புமாறு வேண்டுகிறோம். இதைக் கேட்கும் துணிவு எமக்கு எப்படி வந்தது என்று தாங்கள் நகைக்கலாம், நகைத்தபின் அனுப்புங்கள்.

ஆவணித் திங்கள் பத்தாம் நாள், கோன் முன்னிலையில் மீன்முத்திரை இடப்பட்டது. எல்லை வாசலார் இதன் படியைப் பெற்று, வரும் இருபதின்மரிடமும் பெயரை ஒருமுறை மட்டும் கேட்பார்களாக.